வேகமாவா, மெதுவாவா?

வால் ஆடுவதை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். பெங்களூருக்கு வெளியே ஒரு வறண்ட ஏரி, ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட என் ரேடியோ கன்ட்ரோல் விமானம் உயரத்திலிருந்து சரிந்து வந்தபோது 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம், பட்டத்தில் கிழிந்த காகிதம் துடிப்பதைப்போல. காற்று என்று நினைத்தேன். அன்று காற்றே இல்லை. ப்ரொப்பெல்லரைச் சந்தேகித்து மாற்றினேன். மறுபடி ஏற்றினேன், மறுபடி ர்ர்ர். ஏரியின் மறுகோடியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வால் பிய்ந்த இரண்டு கிலோ விமானம் எங்கே விழுவது என்று யாரையும் கேட்காது. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் உண்டு. நிஜ விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். "வேகமா ஆடுச்சா, மெதுவா ஆடுச்சா ஸார்?" என்றார்.

பாதி வைத்தியம் இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. மெதுவான ஆட்டம் என்றால் விமானம் முழுவதும் வாத்து மாதிரி அசையும். மூக்கு இடம் வலம் போகும், கூடவே இறக்கைகளும் ஏறி இறங்கும். 'டச்சு ரோல்' என்று பெயர். பின்பாரம் அதிகமாக இருக்கலாம், அல்லது நிற்கும் வால் சிறிதாக இருக்கலாம். சாதாரண பயிற்சி விமானத்தில், இறக்கை அகலத்தில் முன் விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் எடை சமனாக வேண்டும். பாட்டரியை முன்னால் தள்ளிப் பாருங்கள். ஜைரோ வைத்திருந்தால் அதன் கெயினைக் குறையுங்கள். அது அளவுக்கு மீறித் திருத்தினாலும் வால் உதறும்.

வேகமான அதிர்வு வேறு ஜாதி. 'ஃப்ளட்டர்'. வாலில் எங்கோ பிடிப்பு தளர்ந்திருக்கிறது. காற்று அந்தத் தளர்வில் புகுந்து ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் சக்தி கொடுக்கிறது. ஒரு வேகத்தைத் தாண்டினால் இரண்டே விநாடியில் வால் போய்விடலாம். 1916இல் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் இப்படித்தான் பயங்கரமாக உதறியது. லான்செஸ்டர் என்ற பொறியாளர் ஆராய்ந்தார். இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடியிருக்கின்றன. இரண்டையும் ஒரு குழாயால் உறுதியாக இணைக்கச் சொன்னார்.

பெரியவர் மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, ரேடியோவை மட்டும் ஆன் செய்யச் சொன்னார். சர்வோ இறுக்கிப் பிடித்திருக்கும்போது எலிவேட்டரின் இடது பாதியை மெல்ல அழுத்தினார். அசையவில்லை. வலது பாதி தாராளமாக நாலு மில்லிமீட்டர் இறங்கியது. இரண்டையும் இணைக்கும் கம்பி, வலது பக்கத்தில் பசைவிட்டுக் கழன்றிருந்தது! நான் ப்ரொப்பெல்லரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கம்பி சரியாக இருந்தால் அடுத்து சர்வோ கையின் ஓட்டையைப் பாருங்கள், தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். தள்ளுகம்பி நடுவில் வளைந்தால் அங்கே ஒரு தாங்கி கொடுங்கள். சர்வோ பக்கம் உள் ஓட்டை, வால் பக்கம் வெளி ஓட்டை. தளர்வு குறையும். கீல் இடைவெளியை டேப் ஒட்டி மூடலாம்.

ஆகாயத்தில் சத்தம் கேட்டால்? உடனே த்ராட்டிலைக் குறைத்து, மூக்கை மெதுவாகத் தூக்குங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். வேகம்தான் அதன் தீனி. இறங்கியபின் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" கூடாது.

எபாக்ஸி வைத்துக் கம்பியை ஒட்டியதும் புறப்படத் தயாரானேன். பெரியவர் விடவில்லை, சர்வோவையும் கழற்றச் சொன்னார். திறந்து பார்த்தோம். கியரில் ஒரு பல்லைக் காணோம்.