பேசாத பிள்ளையின் தீர்ப்பு

பக்திப் பத்திரிகைகளில் ‘நூல் மதிப்புரை’ என்னும் பகுதி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இடம்பெறும். நூலின் பெயர், விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றை ஒரு கண் பார்த்துவிட்டுப் பலரும் பக்கத்தைப் புரட்டிவிடுவர். ஆயினும் அந்தச் சில வரிகளை எழுதுபவர் மாதம் முழுவதும் செய்கின்ற பணி எளியதன்று. நூலைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் அந்தப் பணியை முருகப் பெருமானே ஒரு முறை ஏற்றுச் செய்தார் என்று தமிழ் மரபு சொல்கிறது.

அந்த வரலாறு இறையனார் அகப்பொருளின் உரையில் உள்ளது. பாண்டிய நாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் நேர்ந்தது. நாடு விட்டுச் சென்ற புலவர்கள் மழை பெய்தபின் மீண்டனர். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளிலக்கணம் வல்லார் ஒருவரும் கிடைத்திலர். மன்னன் மனம் வருந்த, ஆலவாய்ப் பெருமான் 60 சூத்திரங்கள் கொண்ட நூலைச் செய்து, மூன்று செப்பேடுகளில் எழுதித் தம் பீடத்தின் கீழ் இட்டருளினார். சங்கப் புலவர் 49 பேரும் அதற்கு உரை கண்டனர். எவருடைய உரை மெய்யுரை என்பதில் வழக்கு எழுந்தது. தீர்ப்புச் சொல்லக் ‘காரணிகன்’ ஒருவனைத் தந்தருள வேண்டும் என்று இறைவனிடமே முறையிட்டனர்.

இறைவன் காட்டிய காரணிகன் பெரும்புலவன் அல்லன். ஐந்து வயதுப் பிள்ளை. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்பது அவன் பெயர். பிறவி ஊமை. முருகப் பெருமானே சாபத்தால் அவ்வாறு பிறந்திருந்தார் என்பது உரை கூறும் செய்தி. வெண்துகில் உடுத்தி, வெண்மலர் சூட்டி, பலகையில் அவனை அமர்த்திப் புலவர்கள் ஒவ்வொருவராக உரையை வாசித்தனர். பிள்ளை வாளா இருந்தான். மருதன் இளநாகனார் வாசித்தபோது சிற்சில இடங்களில் அவன் கண்ணில் நீர் வந்தது, மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரர் வாசித்தபோது பதந்தோறும் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தது. அதுவே தீர்ப்பாயிற்று.

இந்த வரலாற்றில் கண்ணீரைப் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அதற்கு முன் நிகழ்ந்ததை நினைப்பவர் குறைவு. அந்தப் பிள்ளை சலிக்காமல் எல்லார் உரையையும் கேட்டான். பொருந்தாத உரைகளையும் கேட்டான். கேட்டபின் அவற்றை இகழவில்லை. தகுதியில்லாத இடத்தில் மெய் சிலிர்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. மதிப்புரை எழுதுபவருக்கு உரிய ஒழுக்கம் முழுவதும் இவ்வளவில் அடங்கிவிடுகிறது.

இன்றைய மதிப்புரையாளரின் மாதம் அஞ்சல் உறைகளோடு தொடங்குகிறது. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்பது தமிழ்ப் பத்திரிகைகளில் நெடுநாளாக நிலவும் வழக்கம். தல வரலாறுகள், தோத்திரத் திரட்டுகள், திருமுறைக்கும் திவ்யப் பிரபந்தத்துக்கும் எழுதிய விளக்கங்கள், சொற்பொழிவுத் தொகுப்புகள், கும்பாபிஷேக மலர்கள் என அவை குவிகின்றன. பக்கத்தில் நான்கைந்து நூல்களுக்கே இடம் உண்டு. ஏனையவை ‘வரப்பெற்றோம்’ என்னும் பட்டியலில் ஒரு வரியாக நின்றுவிடும். எந்த நூல் பட்டியலுக்கு, எது விரிவான மதிப்புரைக்கு என்று பிரிக்கும் நாளிலேயே தீர்ப்பின் பாதி முடிந்துவிடுகிறது. ஆகையால் பொறுப்புள்ளவர் அட்டையின் அழகையும் அணிந்துரை தந்தவரின் புகழையும் கொண்டு பிரிப்பதில்லை. நடுவில் சில பக்கங்களையேனும் படித்துப் பார்த்தே பிரிக்கின்றார்.

அடுத்த வாரங்கள் படிப்புக்கு உரியவை. பாடத்தை இரண்டு முறை கேட்டால் பிழை பெரிதும் நீங்கும், மூன்று முறை கேட்டால் முறையறிந்து பிறருக்கு உரைக்கலாம் என்று நன்னூல் மாணவனுக்குச் சொல்கிறது. மதிப்புரையாளருக்கும் அது பொருந்தும். முதல் வாசிப்பு நூலுக்குத் தன்னைக் கொடுத்துவிடும் வாசிப்பு. உருத்திரசன்மன் கேட்டது போன்ற கேள்வி அது. இரண்டாம் வாசிப்பில் பென்சில் கையில் ஏறும். மூன்றாவது, ஐயம் எழுந்த இடங்களை மூலத்தோடு ஒப்பிடும் வாசிப்பு.

பக்தி நூல்களில் இந்த மூன்றாம் வாசிப்பு இன்றியமையாதது. நாவலில் ஓர் அச்சுப்பிழை இருந்தால் வாசகர் அதைக் கடந்து போய்விடுவார். பாராயண நூலில் இருக்கும் பிழையை அவர் மனப்பாடம் செய்துவிடுவார். விளக்கேற்றி, பேரனை அருகில் அமர்த்தி, ஒரு பாட்டி தினமும் படிக்கும் புத்தகத்தில் ரகரம் றகரமாகவோ ளகரம் ழகரமாகவோ மாறியிருந்தால், அந்தப் பிழை ஒரு குடும்பத்தின் நாவில் இரண்டு தலைமுறை வாழும். வடமொழித் தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடும்போது கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். தமிழில் ககரம் ஒன்றே. வடமொழியில் அதற்கு நான்கு ஒலிகள். எழுத்தின்மேல் 2, 3, 4 என்று சிற்றெண்கள் இட்டு அவ்வேறுபாட்டைக் காட்டும் முறையைப் பதிப்பாளர்கள் இதற்காகவே கைக்கொண்டனர். அந்த எண்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அதைப் பாராமல் ‘அழகிய அச்சு, ஒவ்வொரு பூஜை அறையிலும் இருக்க வேண்டிய நூல்’ என்று எழுதுவது, எழுதியவரை நம்பி வாங்கும் குடும்பத்துக்குச் செய்யும் தீங்கு.

தல வரலாறுகளில் வேறு வகைத் தவறுகள் நேர்கின்றன. தேவார ஆசிரியர்கள் ஒரு தலத்துக்கென்றே பதிகம் பாடியிருந்தால் அது பாடல் பெற்ற தலம். வேறொரு பதிகத்தின் இடையே பெயர் மட்டும் வந்திருந்தால் அது வைப்புத் தலம். ஊர்ப்பற்றினால் இரண்டாவதை முதலாவதாக எழுதிவிடும் நூல்கள் உண்டு. கல்வெட்டில் இல்லாத பழமையை ஊகத்தால் ஏற்றிச் சொல்வதும் உண்டு. வைப்புத் தலம் என்பதால் எந்தக் கோயிலுக்கும் பெருமை குறைந்துவிடாது. அன்பினால் சொன்னாலும் பிழை பிழையே.

இப்பணிக்கு வேண்டிய அளவுகோலை முன்னோர் வகுத்து வைத்திருக்கின்றனர். ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்பதற்குரியவர், பயன் என்னும் எட்டும் இருக்க வேண்டும் என்பது நன்னூல் விதி. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்வாரும் உளர். இவற்றுள் ‘கேட்பதற்குரியவர்’ என்பது மதிப்புரையில் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது. சிறுவருக்கு ஏற்ற கதைநூலா, திருமுறைப் பயிற்சி உடையவருக்கான ஆய்வா என்று தெரியாமல் வாங்கி, படிக்காமலே அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் பல.

நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது. சிறப்புப் பாயிரம் செய்வதற்கு உரியவர்கள் நூலாசிரியரின் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகிய நால்வர். இவர்களுள் முதல் மூவரும் ஆசிரியருக்கு வேண்டியவர்கள். அதனால் பாயிரத்தில் பாராட்டு மிகுவது இயல்பு. மதிப்புரையாளர் வாசகருக்கு வேண்டியவர். இருவர் பணிக்கும் வேறுபாடு அதுவே.

இந்த இடத்தில்தான் மாதத்தின் கடினமான நாள் வருகிறது. ஓய்வு பெற்ற ஒருவர், தம் குலதெய்வத்தின் கோயிலைப் பற்றி, சேமிப்பைச் செலவிட்டு ஒரு நூல் வெளியிட்டிருப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் பக்தி இருக்கும். பத்துப் பக்கத்துக்கு ஒரு பிழையும் இருக்கும். உள்ளதை எழுதினால் அவர் மனம் நோகும். மறைத்தால் படிப்பவர் ஏமாறுவர். பக்தியோடு எழுதிய நூலில் குற்றம் காண்பது அபசாரம் ஆகாதா என்ற அச்சமும் எழும்.

காஞ்சிக் குமரகோட்டத்தில் வழங்கும் வரலாறு அந்த அச்சத்தைத் தீர்க்கிறது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபோது, காப்புச் செய்யுளின் தொடக்கத்திலேயே சொற்கள் புணர்ந்த முறைக்கு இலக்கண விதி இல்லை என்று அவையில் ஒருவர் தடுத்தார். அந்தத் தொடக்கத்தை எடுத்துக் கொடுத்தவரே முருகப் பெருமான் என்பது மரபு. ஆயினும் தடுத்தவர் தண்டிக்கப்படவில்லை. அவை கலைந்து மறுநாளைக்குக் காத்திருந்தது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வந்து, வீரசோழியம் என்னும் இலக்கண நூலைத் திறந்து அதற்குரிய விதியைக் காட்டினார். வந்தவர் முருகனே என்பர் அன்பர்.

மதுரையில் தீர்ப்புச் சொன்ன அதே பெருமான், காஞ்சியில் கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில் நின்றார். தம் அதிகாரத்தைக் காட்டாமல் ஆதாரத்தைக் காட்டினார். அவர் காட்டிய வீரசோழியம் பௌத்தரான புத்தமித்திரனார் இயற்றியது. நூலை அளக்க உதவும் நன்னூலும் சமணரான பவணந்தி முனிவர் செய்தது. மெய்யான ஆதாரம் எங்கிருந்து வந்தாலும் முருகன் சந்நிதியில் அதற்கு இடம் உண்டு என்றால், மதிப்புரைப் பக்கத்தில் இல்லாமற் போகுமா?

ஆகவே தேர்ந்த மதிப்புரையாளர்கள் இரண்டையும் செய்கின்றனர். பிழைகளின் பட்டியலைப் பக்க எண்ணோடு நூலாசிரியருக்குத் தனிக் கடிதமாக அனுப்பி, அடுத்த பதிப்பில் திருத்த உதவுகின்றனர். பாராயணப் பாடமே பிழைபட்டிருந்தாலோ தலத்தின் செய்தி மாறியிருந்தாலோ, அதை மதிப்புரையிலும் கடுஞ்சொல் இன்றித் தெளிவாகச் சொல்லிவிடுகின்றனர். மனம் நெகிழ்ந்த பக்கம் ஒன்று இருந்தால், அது இன்ன பக்கம் என்று குறிப்பிட்டே பாராட்டுகின்றனர். பொதுவான புகழ்ச்சி நூறு வரியைவிட அந்த ஒரு குறிப்பு ஆசிரியருக்கு மகிழ்ச்சி தரும். தம் நூலை ஒருவர் முழுவதும் படித்தார் என்பதற்கு அது சான்று.

வீட்டில் இருக்கும் பாராயணப் புத்தகத்துக்கும் இதே மரியாதையைச் செய்யலாம். பிழையென்று தோன்றும் இடத்தில் பென்சிலால் மெல்லக் குறியிட்டு, நல்ல பதிப்பு ஒன்றோடு ஒப்பிட்டோ, ஓதுவார், வேத பாராயணம் செய்வோர் போன்ற அறிந்தவரைக் கேட்டோ திருத்திக்கொள்ளலாம். திருத்தத்தைப் பதிப்பகத்துக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால், அதே நூலை வைத்திருக்கும் முகமறியாத பல குடும்பங்களின் வழிபாட்டுக்கு அது செய்யும் தொண்டாகும்.