பழக்கம் உடம்பில் மட்டுமல்ல, இடத்திலும் இருக்கிறது

ஊரில் நாளுக்கு நாலு தரம் வெற்றிலை போட்டவர், இடம்பெயர்ந்த பின் பத்துத் தரம் போடுகிறார். சுருட்டை விட்டிருந்தவர் மீண்டும் பற்றவைக்கிறார். 'பொறுப்பில்லாத மனிசன்' என்று வீட்டார் ஏசுகின்றனர். பிரசங்கத்திலும் இதே கண்டிப்புத்தான். அக்கண்டிப்பில் பாதி உண்மையே உண்டு என்பது எமது கருத்து. மறுபாதி நாம் வாழும் இடத்தில் இருக்கிறது.

பாக்கிலுள்ள அரெக்கோலினும் புகையிலையிலுள்ள நிக்கொட்டினும் உடலைத் தூண்டி உற்சாகம் தருபவை. அவற்றைத் திரும்பத் திரும்பப் பாவிக்கும்போது, பாவிக்கும் இடத்தையும் நேரத்தையும் உடல் சேர்த்தே பழகிக்கொள்கிறது. தோட்டத்தில் தண்ணீர் மாறி முடித்து, மண்வெட்டியை வைத்துவிட்டு வேப்பமர நிழலில் இருந்தால் கை தானாகவே கொட்டப்பெட்டிக்குப் போகும். அந்த நிழல் ஆசையைக் கிளப்பியது உண்மை. ஆனால் அடுத்த வெற்றிலை வரை கைக்கு வேலை இருந்தது. தோட்டமே பழக்கத்திற்கு வேலியாகவும் நின்றது.

காணியை இழந்தபோது அந்த வேலியையும் இழந்தோம். முகாம் கொட்டிலிலோ உறவினர் வளவிலோ நாள் முழுவதும் காத்திருப்புத்தான். நிவாரண வரிசை, அயலவர் நீட்டும் தட்டம், நித்திரை வராத இரவு எல்லாமே வெற்றிலையை நினைவூட்டும் அடையாளங்களாகிவிடுகின்றன.

1990களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு அம்பெட்டமின் என்னும் தூண்டு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தனர். அளவு ஒன்றேயாயினும், வாழ்ந்த கூட்டில் மருந்து பெற்றவற்றை விட, புதிய இடத்திற்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டவற்றில் அதன் தாக்கம் கூடுதலாக வளர்ந்தது. பாக்கு அம்பெட்டமின் அல்ல, மனிதர் எலிகளுமல்லர். ஆயினும் மருந்தின் வேலையில் இடத்திற்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்குகிறது.

மனிதரிடமும் இதைக் கண்டிருக்கிறார்கள். வியட்நாம் போரில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினருள், நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 சதவீதத்தினரே. ஹெரோயின் வேறு வகைப் போதைப்பொருள். எனினும் இடம் மாறியதும் பலருக்குப் பழக்கத்தின் பிடியும் தளர்ந்தது.

இது சிறிய விடயமல்ல. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். புகையிலை சேர்க்காத வெற்றிலையும், தனிப் பாக்குங்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஆகவே ஏச்சை நிறுத்திவிட்டு இடத்தை மாற்றுவோம். வெற்றிலைத் தட்டத்தை வாசலில் வையாது கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். படுக்கும் இடத்திலும் பிள்ளைகள் படிக்கும் இடத்திலும் போடுவதில்லை என்று குடும்பமாக முடிவெடுங்கள். விருந்தினருக்குத் தட்டத்திற்குப் பதிலாகத் தேநீர் கொடுங்கள். எல்லாவற்றிலும் மேலாக, கைக்கு வேலை வேண்டும். நாலு கத்தரிக் கன்று, ஒரு பயற்றங்கொடி நட நிலம் கிடைத்தாலும் நாளுக்கு ஒரு ஒழுங்கு வரும். இடம்பெயர்ந்தோருக்கு உதவும் நாமும் அரிசி, பருப்போடு நின்றுவிடாமல், விதையையும் மண்வெட்டியையும் முதல் நாளிலேயே கொடுக்க வேண்டும்.

ஊர் திரும்புவோருக்கும் ஒரு சொல். வேறிடத்தில் விட்ட பழக்கம், பழைய வேப்பமர நிழலில் மீண்டும் கூப்பிடும். அது உங்கள் தோல்வியல்ல. உடல் அந்த இடத்தை மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நிழலில் ஒரு செம்பு தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். சில காலத்தில் உடல் அதையும் பழகிக்கொள்ளும்.