மாயாவியின் குகை வாசலில் நாம்

நம் தெரு மாலை வகுப்புக்கு ஒருவர் பழைய ராணி காமிக்ஸ் ஒரு கட்டு கொடுத்தார். பிள்ளைகள் பாய்ந்து எடுத்தார்கள். பாடம் சொல்லித்தரும் கல்லூரி மாணவி மட்டும், "கறுப்பின மக்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் பாருங்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. முகமூடி வீரர் மாயாவியின் கதையை அமெரிக்கரான லீ ஃபால்க் 1936இல் தொடங்கினார். காட்டுக்குள் மண்டையோட்டு அரியணையில் ஒரு வெள்ளையர்; சுற்றிலும் ஈட்டியோடு கறுப்பின மக்கள். தலைமுறை தலைமுறையாக அரியணை அவர் வாரிசுக்கு, காவல் வேலை இவர்களுக்கு. பிறப்பால் பதவி, பிறப்பால் ஊழியம். நமக்குத் தெரியாத ஏற்பாடா இது? அந்தக் குள்ளர் இனத்துக்கு மூலக் கதையில் வைத்த பெயர் 'பந்தர்'. இந்தியில் குரங்கு என்று பொருள். அதே 1936இல்தான், லாகூர் மாநாட்டார் கேட்க மறுத்த உரையை அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலாக அச்சிட்டார்.

ஆனாலும் ஒன்றை மறைக்க வேண்டாம். நம்மில் பலர் தடுமாறாமல் படிக்கப் பழகியது பாடப்புத்தகத்தில் அல்ல, இந்தக் காமிக்ஸில்தான். மாயாவி குதிரையில் வந்தால் கைதட்டினோம். ஈட்டியோடு நின்றவர்கள் நம்மைப் போன்றவர்கள் என்று அப்போது தோன்றவில்லை. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபியும், சிறுவயதில் ஆப்பிரிக்க சாகச நாவல்களைப் படித்தபோது வெள்ளையர் பக்கமே நின்றதாகப் பின்னாளில் எழுதினார். அவர்தான் 1958இல் தம் இக்போ மக்களின் பக்கம் நின்று, தமிழில் 'சிதைவுகள்' என்று வந்திருக்கும் நாவலை எழுதினார்.

ஆகவே கட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றோம். நம்மை இழிவாகவோ வேலையாளாகவோ காட்டாத புத்தகத்தை மட்டுமே படிப்பது என்றால் நூலக அலமாரியில் எத்தனை மிஞ்சும்? கதையை ரசிப்பதும் நம் உரிமைதான். கூடவே பிள்ளைகளிடம் கேட்போம்: கடற்கொள்ளையரிடம் தப்பிக் கரை ஒதுங்கிய முதல் மாயாவியைக் காப்பாற்றியது யார்? பந்தர் மக்கள். அவர்கள் இல்லையென்றால் கதையே இல்லை. அவர்கள் சொன்னால் இந்தக் கதை எப்படி இருக்கும்?

போன வாரம் கேட்டோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் படங்களைப் புரட்டிவிட்டு, "மாயாவிக்குக் குகை இருக்கு. இவங்க வீடு எங்கக்கா?" என்று அந்த மாணவியிடம் கேட்டான்.

புத்தகத்தைப் பிடுங்கியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.