எதிரிக்குத் தெரிந்த செய்தி

யுத்த காலத்தில் செய்தியை மறைப்பது நாட்டின் பாதுகாப்புக்காகவே என்று அரசுகள் கூறுவது வழமை. அந்த வாதத்தை எடைபோட விரும்புவோர் 'போர்ட் ஸ்டிகீன்' என்ற சரக்குக் கப்பலின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

இரண்டாம் உலக யுத்தத் தேவைக்காகக் கனடாவில் அவசரமாகக் கட்டப்பட்ட கப்பல்களுள் ஒன்று அது. 1942இல் பிரின்ஸ் ரூபர்ட் துறையில் உருவானது. 1944 பெப்ரவரியில் பிரித்தானியாவின் பேர்கன்ஹெட்டிலிருந்து புறப்பட்டபோது அதில் ஏறத்தாழ 1,400 தொன் வெடிபொருள்களும் 124 தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் ஏற்றப்பட்டன. வெடிமருந்தோடு பஞ்சை ஏற்றுவதைக் கப்பல் தலைவர் நெய்ஸ்மித் ஆட்சேபித்தார். யுத்தத்தின் அவசரம் அவரது ஆட்சேபத்தை விழுங்கிவிட்டது.

ஏப்ரல் 12ஆந் திகதி கப்பல் பம்பாய் விக்டோரியா துறையில் கட்டப்பட்டது. 14ஆந் திகதி பிற்பகலில் அதன் அடித்தளத்தில் புகை கிளம்பியது. தீயணைப்புப் படையினர் விரைந்தனர். அயலிலிருந்த கப்பல்களுக்கோ, துறைமுகத் தொழிலாளருக்கோ பொது எச்சரிக்கை விடுக்கப்படவில்லை. மாலை 4.06க்கு முதல் வெடிப்பு நிகழ்ந்தது. அரை மணி நேரத்துள் அடுத்ததும் நிகழ்ந்தது. ஜலபத்மா என்ற கப்பலின் பின்பகுதி தூக்கியெறியப்பட்டுக் கரையிலிருந்த பண்டகசாலையின் மேல் விழுந்தது. சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவி அந்த அதிர்வைப் பதிவு செய்தது. மாண்டவர் தொகை 800 என்பாரும் உளர். 1,300 என்பாரும் உளர். அவர்களுள் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். சுமார் 80,000 பேர் வீடிழந்தனர்.

மறுநாளே ஜப்பானியரின் பிடியிலிருந்த சைகோன் வானொலி இதனை விரிவாக ஒலிபரப்பிவிட்டது. தணிக்கை அதிகாரிகளோ, இச்செய்தியை அனுப்ப நிருபர்களுக்கு மே மாதம் இரண்டாம் வாரத்திலேயே அனுமதி அளித்தனர். எதிரி அறிந்த ஒன்று எவரிடமிருந்து மறைக்கப்பட்டது? உறவினரைத் தேடிய சாதாரண மக்களிடமிருந்து! பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்ற அனுமதித்தது யார் என்ற கேள்வியும் அவ்வளவு நாட்களுக்குப் பத்திரிகைகளில் எழ முடியாமற் போயிற்று.

கப்பல்கள் புறப்படும் நாளையும் செல்லும் வழியையும் இரகசியமாக வைப்பதில் நியாயம் உண்டு. அதனை எந்தப் பொறுப்புள்ள பத்திரிகையாளனும் மறுக்கமாட்டான். ஆனால் நிகழ்ந்து முடிந்த பேரழிவை மறைப்பது வேறு. அது பாதுகாப்பன்று, பொறுப்பிலிருந்து தப்பும் வழி.

இலங்கையில் 1998 ஜூன் மாதம் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டதை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் இல்லாததை அறிய மக்கள் பிபிசி தமிழோசையை நாடினர். தணிக்கை செய்திக்கு இருந்த ஆவலைக் குறைக்கவில்லை. உள்நாட்டுப் பத்திரிகை மீதிருந்த நம்பிக்கையையே குறைத்தது.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்த 66 வீரர்களுக்கும் அது தகுந்த மரியாதையே. அவர்கள் எதனால் மடிய நேர்ந்தது என்பதை உரிய காலத்தில் கேட்பதற்கும் அன்று ஒரு பத்திரிகைக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும்.