மண்ணெண்ணெய்யில் ஓடிய கார் வேறு, லாச்சப்பலில் ஓடும் கார் வேறு

லாச்சப்பல் பக்கம் டீசல் கார் வைத்திருக்கும் எங்கள் ஆட்களோடு கதைத்தால் ஒரு ஆலோசனை கட்டாயம் காதில் விழும். "ஃபாப் அடைச்சுப் போச்சோ? புதுசு போடுறதெண்டால் கனக்க காசு வரும். எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் இருக்கிறான், ஒரு பின்னேரத்தில செய்து தருவான்." இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. உதவி என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இது எங்களுக்கு நாங்களே செய்யும் கெடுதல் என்பது என் கருத்து. அதை வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான்: இங்கே பிறந்து, அப்பா அம்மாவுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துக் காட்டும் பிள்ளைகள்.

முதலில் ஃபாப் என்றால் என்ன? டீசல் காரின் புகைக்குழாயில் இருக்கும் ஒரு வடிகட்டி. தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள் கொண்டது. எஞ்சினில் இருந்து வரும் கரித்துகள்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அது பிடித்து வைக்கும். 2000 ஆம் ஆண்டில் பேஜோ 607 காரில்தான் இது முதன்முதலாகப் பெருமளவு உற்பத்தியில் வந்தது. 2011 முதல் ஐரோப்பாவில் விற்கப்பட்ட புது டீசல் கார்களில் இது இல்லாமல் விதிமுறையைத் தாண்டவே முடியாத நிலை வந்தது. இதைக் கழற்றினால், அல்லது உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்பப் பூட்டினால், அந்தத் துகள் எல்லாம் நேரே தெருவுக்கு வரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் உறுதியாக வகைப்படுத்தியது. காற்றில் உள்ள நுண்துகள்களால் பிரான்சில் ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 பேர் இறக்கிறார்கள் என்பது இந்த நாட்டுப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

அந்தத் தெரு எது? போபூர் சென்-டெனி வீதி. சாமான் இறக்கும் வான்கள் இரட்டை வரிசையில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் இடம். ஆவணி மாதம் பிள்ளையார் தேர் ஊர்வலம் நடக்கும் பகுதி. தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தையின் முகம் புகைக்குழாயின் உயரத்தில் இருக்கும் நடைபாதை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது கடைக்கு வந்த எங்கள் சனம், கடைக்குள் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும் எங்கள் அண்ணாமார்.

இந்தக் "கழற்றிவிடு" என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். அதில் ஒரு பங்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது. 1990 இல் போர் திரும்பத் தொடங்கியபின் அரசாங்கம் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோலும் டீசலும் தடைப்பட்ட பொருட்கள். கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவோடு. எங்கள் மெக்கானிக்மார் என்ன செய்தார்கள்? பழைய ஒஸ்ரின் கார்களையும் மொரிஸ் மைனர்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெய்யில் ஓட வைத்தார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை மண்டலமாக வரும். ஆனால் வாகனம் ஓடியது. நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். அது உயிர் காத்த அறிவு. ஆனால் அது ஏன் வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் கார்களின் எஞ்சின் அமுக்கம் குறைந்தது, அமைப்பு எளிமையானது. புகைக்குழாயில் பழுதாகப் போவதற்கு ஒன்றுமே இல்லை. கற்றலைசர் இல்லை, ஃபாப் இல்லை, ஒட்சிசன் சென்சர் இல்லை. இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் 2,000 பார் அளவு அமுக்கத்தில் பீச்சப்படுகிறது. மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளிகளை எரிபொருளே வழுவழுப்பாக வைத்திருக்க வேண்டும். அதற்குள் மண்ணெண்ணெய், பொரித்து மிஞ்சிய எண்ணெய், வீடு சூடாக்கும் எண்ணெய் எதையாவது ஊற்றினால் முதலில் இன்ஜெக்டரும் பம்பும் போகும், பிறகு வடிகட்டி போகும். வீதி டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வீடு சூடாக்கும் எண்ணெயில் அதைவிட நூறு மடங்கு வரை இருக்கலாம். அதற்குச் சிவப்புச் சாயம் போட்டிருப்பதே, வரி குறைந்த அந்த எண்ணெயைக் காரில் ஊற்றுபவரைக் கண்டுபிடிக்கத்தான்.

இதற்கு ஒரு பதில் எனக்கு எப்போதும் வரும்: "உனக்குச் சொல்ல லேசு. டீசல் வாங்கச் சொன்னதே இந்த அரசாங்கம்தானே?" உண்மை. பிரான்ஸ் பல பத்தாண்டுகளாக டீசலுக்குப் பெற்றோலைவிடக் குறைந்த வரி வைத்தது. 2012 இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஏழு டீசல். விடியப்புறம் ரன்ஜிஸ் சந்தைக்குப் போகிறவரும், இரவில் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றுகிறவரும், துப்புரவு வேலைக்கு மூன்று இடம் ஓடுகிறவரும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் டீசல் வாங்கினார்கள். பிறகு 2015 இல் ஃபோக்ஸ்வாகன் மோசடி வெளியே வந்தது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார்களில், பரிசோதனையில் மட்டும் சுத்தமாகக் காட்டும் மென்பொருள். 2018 இல் எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் அங்கிக்காரர் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரி முதல் கிறிட்ஏர் 3 ஸ்ரிக்கர் உள்ள கார்கள், அதாவது 2006க்கும் 2010க்கும் இடையில் பதிவான டீசல்களும் 2005 வரையான பழைய பெற்றோல் கார்களும், வேலை நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை ஆ86 நெடுஞ்சாலைக்கு உட்பட்ட பகுதிக்குள் ஓடக் கூடாது என்றார்கள். அதே ஆண்டு இந்த வலயங்களையே ஒழிக்க வேண்டும் என்று தேசிய மன்றம் வாக்களித்தது. காசு குறைந்தவர்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் அடி வாங்குகிறார். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கோபத்துக்கு மருந்து ஃபாப்பைக் கழற்றுவது இல்லை. பெரிய கம்பனி ஏமாற்றியது என்பதற்காக எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் கரியை ஊதுவது என்ன கணக்கு? சட்டம் இன்று ஒன்று சொல்லும், நாளை இன்னொன்று சொல்லும். நுரையீரலுக்கு அந்த மாற்றம் தெரியாது.

காசுக் கணக்கும் பிழைக்கும். மாசைக் கட்டுப்படுத்தும் கருவியை அகற்றுவது, அதன் வேலையைக் குறைப்பது, பழுதை மறைப்பது, இப்படிச் செய்து தருவதாக விளம்பரம் செய்வது எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு வீதிச் சட்டத்தில் 7,500 யூரோ வரை தண்டம் இருக்கிறது. "அட்ப்ளூவை மென்பொருளில் நிறுத்தித் தாறன்" என்று சொல்பவரும் இதற்குள்தான் வருகிறார். விபத்து நடந்தால், மாற்றியமைத்த காருக்குக் காப்புறுதி நிறுவனம் தலையை ஆட்டும் என்று நம்பியிருக்க முடியாது. பக்கத்து நாடுகளில் கண்காணிப்பு இன்னும் இறுகிவிட்டது. பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும் வாகனப் பரிசோதனையில் துகள்களை எண்ணும் கருவியைக் கொண்டுவந்தன. வடிகட்டி இல்லாத கார் அதில் ஒளிக்க முடியாது. ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பாவுக்கு அந்தக் காரை விற்கலாம் என்ற யோசனையும் அதோடு சரி.

சரி, ஃபாப் ஏன் அடைக்கிறது? பெரும்பாலும் பழுதால் அல்ல, ஓட்டும் விதத்தால். பிடித்த கரியை அது இடைக்கிடை எரித்துத் தன்னைத்தானே சுத்தப்படுத்தும். அதற்கு 600 பாகை அளவு வெப்பம் வேண்டும். வீட்டில் இருந்து கடைக்கு, கடையில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று இரண்டு கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் அந்தச் சூடு வராது. பெரிஃபெரிக்கில் 2024 ஒக்டோபர் முதல் 50 தான் வேகம், அதுவும் நெரிசலில். அதனால் கிழமைக்கு ஒருமுறையாவது ஆ1 நெடுஞ்சாலையில் ரோயிசி பக்கம் போய், சீரான வேகத்தில் ஒரு இருபது நிமிடம் ஓட வேண்டும். வடிகட்டி விளக்கு எரிந்தால் அடுத்த கிழமைக்குத் தள்ளிப் போடக் கூடாது. கார் நிற்கும்போது எஞ்சின் வழமையைவிடக் கூடச் சுற்றி, காற்றாடியும் பலமாக ஓடினால், அது கரியை எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரம் நிறுத்தாமல் முடியும்வரை ஓட்டுங்கள். அடிக்கடி இடையில் நிறுத்தினால் எரியாத டீசல் எஞ்சின் ஒயிலோடு கலந்து ஒயிலின் மட்டம் ஏறும். அது எஞ்சினையே கொல்லும்.

ஒயிலிலும் கவனம் வேண்டும். ஃபாப் உள்ள காருக்குச் சாம்பல் குறைந்த ஒயில் என்று தனி வகை இருக்கிறது. கைநூலில் எந்தத் தரம் என்று எழுதியிருக்கும். மலிவு என்று வேறொன்றை ஊற்றினால், கரி எரிந்து போனாலும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும். அப்படியும் அடைத்துப் போனால் உடனே புதிது வாங்க வேண்டும் என்றில்லை. கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன, புதியதைவிட நன்றாக மலிவு. கராஜில் "ஏன் அடைத்தது?" என்றும் கேளுங்கள். இன்ஜெக்டர், டேர்போ, அமுக்க சென்சர் ஒன்றில் பழுது இருந்தால் புது ஃபாப்பும் மூன்று மாதத்தில் அடைக்கும்.

அட்ப்ளூ நீல மூடிக்குள் மட்டும் போக வேண்டும். அது 32.5 வீதம் யூரியா, மிச்சம் தாதுப்பு இல்லாத தண்ணீர். குழாய்த் தண்ணீர் கலக்கக் கூடாது. டீசல் தாங்கிக்குள் தவறிப் போய்விட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள். டீசல் காருக்குப் பெற்றோல் அடித்துவிட்டாலும் அதே விதிதான். இதைத் தவிர்க்க ஒரு அடையாளம் 2018 ஒக்டோபர் முதல் ஐரோப்பா முழுக்க இருக்கிறது: வட்டம் என்றால் பெற்றோல், சதுரம் என்றால் டீசல். புதுக் கார்களின் எரிபொருள் மூடியிலும் பம்பிலும் ஒரே அடையாளம் இருக்கும். தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவும் பார்த்துப் பிடித்துவிடலாம்.

பெற்றோல் கார்க்காரர் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். கற்றலைசரைக் கொல்வது எரியாத பெற்றோல். எஞ்சின் இடறி இடறி ஓடி, விளக்கு மின்னி மின்னி எரிந்தால், ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் கற்றலைசருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். ஈ10 பெற்றோலைப் பெரும்பாலான கார்கள் ஏற்கும், ஆனால் பழைய காருக்குக் கைநூலைப் பாருங்கள். ஈ85 மலிவாக இருக்கிறது என்று சும்மா ஊற்றக் கூடாது. அதற்கான அனுமதி பெற்ற கருவியைப் பூட்டி, கார்ட் கிரீஸை மாற்ற வேண்டும்.

எல்லாருக்கும் பொதுவான இரண்டு: கோடையில் விளையாட்டுப் போட்டி பார்க்கப் போனால் காய்ந்த புல்லின் மேல் காரை நிறுத்தாதீர்கள். கீழே இருக்கும் கற்றலைசரும் ஃபாப்பும் புல்லைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும். பூட்டிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

என் கடைசிச் சொல் கார் வாங்கப் போகும் தம்பி தங்கச்சிமாருக்கு. பரிசுக்குள் மட்டும் ஓடுவதென்றால் டீசல் உங்களுக்கான கார் இல்லை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். நெடுந்தூரம் ஓடும் அப்பாவுக்கு டீசல்தான் வேண்டும் என்றால், பழைய கார் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பராமரிப்புப் புத்தகத்தையும் கொன்ட்ரோல் டெக்னிக் தாளையும் நீங்கள் வாங்கி வாசியுங்கள். "ஃபாப் உள்ளே இருக்கிறதா, கடைசியாக எப்போது சுத்தம் செய்தது, பில் எங்கே?" என்று பிரெஞ்சில் நேரே கேளுங்கள். புகைக்குழாயின் உட்பக்கத்தை ஒரு வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பாருங்கள். ஃபாப் ஒழுங்காக வேலை செய்யும் காரில் அது பெரிதாகக் கறுக்காது. கறுப்பாக வந்தால், விற்பவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தாலும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வாருங்கள்.