காட்டின் கணக்கு எவருக்கு?

காடு வேறு, தோப்பு வேறு, தோட்டம் வேறு. மூன்றற்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள. இந்தியக் காட்டளவை நிறுவனம் ஈராண்டுக்கொரு முறை வெளியிடும் அறிக்கைக்கோ மூன்றும் ஒன்றே! ஓர் எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரக்கவிகை இருந்தாற் போதும். நிலம் எவருடையதாயினும், மரம் தென்னையாயினும் மாவாயினும் அது காட்டுப்பரப்பில் ஏறிவிடும்.

2024 திசம்பரில் வெளிவந்த அறிக்கை, நாட்டின் காட்டுப்பரப்பு 7,15,343 சதுரக் கிலோமீட்டர் என்றது. 2021ஆம் ஆண்டுக் கணக்கைவிட 156 மிகுதியாம். அதே அறிக்கையில் வடகிழக்கு மாநிலங்கள் 327 சதுரக் கிலோமீட்டரை இழந்துள்ளன. மலைக்காடு ஓரிடத்தில் அழியலாம். தோப்பு வேறிடத்தில் தழைக்கலாம். கூட்டுத்தொகை இரண்டையும் கலந்து விழுங்கிவிடும். எந்தச் சரிவில், எந்த ஓடைக்கரையில் மரம் குறைந்தது என்று காட்டும் நிலப்படங்களைத் தடையின்றித் திறந்து வைக்குமாறு ஆய்வாளர் பலர் நெடுநாளாகக் கேட்டு வருகின்றனர். அச்சேறுவன பெரும்பாலும் மாவட்ட அளவிலான எண்களே.

திறந்து வைத்தால் என்ன விளையும் என்பதற்குப் பிரேசில் நாடு சான்று. அந்நாட்டு விண்ணாய்வு நிறுவனம் 1988 முதல் அமேசான் காட்டழிவை ஆண்டுதோறும் அளந்து வருகிறது. அழிவை உடனுக்குடன் அறிவிக்கும் முறையை 2004இல் தொடங்கியது. தரவுகள் எவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்டன. காவலர் நேரே அவ்விடங்களுக்கே சென்றனர். 2004இல் 27,772 சதுரக் கிலோமீட்டராயிருந்த ஓராண்டு அழிவு, 2012இல் 4,571 ஆகச் சுருங்கியது. தரவு மட்டுமே இதனைச் செய்துவிடவில்லை; காப்புக்காடுகள் அமைத்ததும் குற்றவாளிகளை ஒறுத்ததும் உண்டு. ஆனால், வெட்டும் இடமே தெரியாதபோது எவரை ஒறுப்பது? 2019இல் அழிவு மீண்டும் பெருகியது. கணக்கே பொய் என்றார் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர். நிறுவனத்தின் தலைவர் பொறுப்பினின்று நீக்கப்பட்டார். இருந்தும் கணக்கை மறைக்க இயலவில்லை. அது முன்னரே மக்கள் கையில் இருந்தது.

இந்தியாவில், வழிவழியாகப் பேணி வந்த காட்டைக் காக்கவும் ஆளவும் ஊர்மன்றங்களுக்கு உரிமை உண்டென்று 2006ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம் கூறுகிறது. ஆனைமலையிலும் நீலமலையிலும் தேனெடுப்பவரும் கிழங்ககழ்பவரும் ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லி அறிவர். அவர் அறிந்தது அறிக்கையில் ஏறுவதில்லை. அறிக்கை அறிந்தது அவர் மொழியில் அவரிடம் இறங்குவதில்லை. ஆளும் உரிமையைக் கொடுத்துவிட்டு ஆளவேண்டிய காட்டின் படத்தைக் கொடாதிருப்பது என்ன முறையோ!

அடுத்த அறிக்கை வெளிவருமுன், காட்டையும் தோப்பையும் வேறுவேறாக வரைந்த நிலப்படங்கள் ஊர்மன்றந்தோறும் தாய்மொழியில் வைக்கப்பட வேண்டும். அவற்றில் ஊரார் சுட்டும் பிழைகளை நேரிற் சென்று பார்த்துத் திருத்தும் கடமையையும் நடுவணரசு ஏற்றல் வேண்டும்.