பில் கேட்கிற கவுண்டர்

தனியார் மனநல ஆஸ்பத்திரிகள் தேவையா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்துவது நம் வேலை அல்ல. அதற்குள் யார் போக முடிகிறது, யார் வாசலோடு திரும்புகிறார்கள் என்று கேட்பதுதான் நம் வேலை.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஓலைக்கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. அங்கே இருந்த மனநோயாளிகளில் 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் பலர் கணக்கை முடித்தார்கள். ஆனால் அந்தக் கொட்டகை தர்கா நடத்தியது அல்ல. குடும்பங்களிடம் காசு வாங்கித் தனியாள் நடத்தியது. அதுவும் தனியார் மனநலக் காப்பகம்தான், தோழர்களே. இல்லாதவனுக்கு ஓலையும் சங்கிலியும். இருக்கிறவனுக்கு ஏசி ரூமும் ஆலோசகரும். நோய் ஒன்றுதான், காசுதான் வேறு.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. இருபது வருஷம் கழித்து, 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு என்ன சொன்னது? நோய்க்கு நோய் மாறினாலும், சிகிச்சை கிடைக்காதவர்கள் 70 முதல் 92 விழுக்காடு. அரசு விட்ட இடத்தில்தான் தனியார் கடை விரித்திருக்கிறார்கள்.

பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று தெரியும்: அடகு வைக்க ஏதாவது இருந்தால்தான் கடன். நிலமும் நகையும் இருக்கிறவர் அதை வைத்து மகனுக்கு ஒரு மாசம் வைத்தியம் பார்ப்பார். சேரியில் கூலிக்குப் போகிற அம்மா எதை வைப்பாள்? நிலம் யாரிடம் இருக்கும் என்பதைச் சாதி எப்பவோ தீர்மானித்துவிட்டது. பில் கேட்கிற கவுண்டர், சாதி கேட்காமலே சாதி பார்க்கிறது. உள்ளே போனாலும் 'தூக்கம் வருதா, பசிக்குதா' என்று கேட்பார்கள். 'ஊருக்குள்ள செருப்புப் போட்டு நடக்க முடியுதா' என்று யார் கேட்கிறார்கள்?

ஃபூக்கோ படித்த நண்பர்கள், மருத்துவமனையே அதிகாரத்தின் கூடம்தானே என்பார்கள். சரிதான். சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்குப் 'புத்தி சரியில்லை' என்று குடும்பம் கூட்டிவந்தால், பூட்டுவதற்குக் கதவு தயாராக இருக்கக் கூடாது. சமூக ஒழுக்கத்தை மீறியதை வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அடைத்து வைத்தால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம்.

அதே சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதி உட்பட எந்தப் பாகுபாடும் இல்லாத சிகிச்சை உரிமை என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கார்டு இல்லாவிட்டாலும் அரசு நிறுவனங்களில் இலவசம் என்கிறது. குறைந்தபட்ச அரசுச் சேவைகூட இல்லாத மாவட்டத்தில், அதே மாவட்டத்தின் வேறு மருத்துவமனைக்குப் போகலாம். செலவு அரசுடையது என்கிறது.

அது சலுகை அல்ல, உரிமை. மாணவர் தோழர்கள் உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், மாத்திரை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கலெக்டர் மனுநாளில் அந்தத் தாயோடு வரிசையில் நில்லுங்கள். மனுவில் 18ஆம் பிரிவு என்று எண் போட்டே எழுதுங்கள். பில் யார் கணக்கில் விழவேண்டுமோ, அவர்கள் கணக்கில் விழட்டும்.